வைக்காமல் விட்ட பத்து நிமிடம்

1

இந்தக் கதையை நான் திருடினேன். அதுவும் வீட்டுக்குள்ளேயே, மனைவியிடமிருந்து. அவள் நெட்வொர்க் என்ஜினியர். நான் காதில் விழுந்ததை எழுதுகிறவன்.

‘தகவல் என்பது ஒரு நதி; அது

வேண்டாம். இந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "நதியா? துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொண்ணுலயும் விலாசம் ஒட்டி அனுப்புறோம். வழியில இருக்கிற ரவுட்டருக்கு முழுப் பாதையும் தெரியாது. அடுத்து யார்கிட்ட கொடுக்கணும்னு மட்டும்தான் தெரியும்." எனக்கும் அடுத்த வரி மட்டும்தான் தெரியும் என்றேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

2

தூரத்து ரவுட்டரில் கை வைக்குமுன் அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ‘பத்து நிமிடத்தில் நீயாகவே அணைந்து எழுந்துகொள்’ என்று அதற்குக் கட்டளை கொடுத்துவிடுவார்கள். ஏதாவது தப்பாக மாற்றித் தங்கள் இணைப்பையே அறுத்துக்கொண்டாலும், அது பழைய அமைப்போடு எழுந்துவிடும். பதினான்கு வருடத்தில் அவள் இதைச் செய்யாத நாள் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை செய்யவில்லை. அவள் மாற்றிய ஏதோ ஒன்றில், ஊரின் மறுகோடியில் ஒரு பரிசோதனைக்கூடத்தின் இணைப்பு அறுந்துபோனது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் டாக்டர்களுக்குப் போகாமல் நின்றன. அங்கே இருக்கும் யாராவது ரவுட்டர் பெட்டியைக் கையால் அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். அங்கே பொறுப்பில் இருப்பவள் அவளுடைய தங்கை.

(தங்கையை வில்லியாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அம்மா கண்மூடிய அன்று, "வேலையை முடிச்சுட்டு வர்றேன்" என்று சொன்னது அக்காதான். இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.)

3

"நான்தான்."

தங்கைக்கு அவளே போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"சொல்லு."

"மேசைக்குக் கீழ ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அணைச்சுட்டுப் போடு."

"போட்டாச்சு. பச்சை விளக்கு வருது." பிறகு தங்கை கேட்டாள்: "வேலைதான் முடிஞ்சிருச்சே. வச்சிரப் போறியா, அக்கா?"

"இல்லடி. வைக்கல."

அரை மணி நேரம் இருவரும் அழுதுகொண்டே பேசினார்கள். வீட்டில் அவள் வேலை பார்க்கும் அறைக் கதவுக்கு வெளியே நின்று நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

4

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். எழுதுகிறவன் புத்தி சும்மா இருக்குமா? பதினான்கு வருடப் பழக்கம் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் எப்படி மறக்கும்? மறந்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். மறக்கவில்லை என்று இன்னொன்று. அப்படியென்றால், யாரோ ஒரு நோயாளி காத்துக்கிடக்க, தங்கையைக் கூப்பிட ஒரு சாக்குக்காக இவள்

அவளிடமே கேட்டுவிட்டேன்.

"மறந்துட்டேன்னுதான் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்திருக்கேன்," என்றாள். "நீங்க என்ன எழுதப் போறீங்க?"

இரண்டு தாளும் மேசைமேல் இருக்கின்றன. நான் அவள் புருஷன், என் சாட்சி செல்லாது. நீங்கள் ஒன்றை எடுங்கள்.