கண்ணமங்கலம் போகிற வண்டி

"சகல, நீதான் பி.இ. மெக்கானிக்கல் ஆச்சே. கொழந்தைய வெச்சிகினு போறோம். கெளம்பறதுக்கு முன்னால ஒரு பார்வ பாத்துடு" என்று கார்ச் சாவியைக் கிருபாகரன் கையில் வைத்தார் கிறிஸ்டோபர்.

கிறிஸ்டோபர் அவன் மனைவி லிடியாவின் அக்காள் புருஷன். கண்ணமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். லிடியா போய் ஏழு மாதம். காய்ச்சல் என்று படுத்தாள், நாலாம் நாள் இல்லை. கிருபாகரனுக்குச் செய்யாரில் ஷிப்டு வேலை. கம்பெனி பஸ் ஏறும்போது இரண்டரை வயது ஜாய்ஸை எதிர்வீட்டு குணசுந்தரியிடம் விட்டுவிட்டுப் போவான். அவளுக்கும் தறி வேலை, எத்தனை நாளைக்கு?

போன மாதம் லிடியாவின் அக்காள் அமலி போன் செய்தாள். "பள்ளிக்கூடம் சேக்கிற வரைக்கும் பாப்பா எங்ககிட்ட இருக்கட்டும் தம்பி."

"சரிக்கா" என்றான்.

இந்த ஏழு மாதமாக யார் எதைக் கேட்டாலும் அவன் வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான். போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்பது உறைத்தது. திருப்பிக் கூப்பிட்டுச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. நேற்று சாயங்காலம் இருவரும் காரில் வந்து இறங்கிவிட்டார்கள். ஜாய்ஸின் துணிகள் இப்போது இரண்டு பைகளில் வாசலில் இருந்தன.

கார், கிறிஸ்டோபர் இரண்டு வாரத்துக்கு முன் ஒரு தரகர் மூலம் வாங்கியது. இருபது வருடப் பழசு. குழந்தை வரப்போகிறாள் என்றே வாங்கியது. ராத்திரி முழுக்க நின்றதால் எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. அதுதான் பார்க்கச் சரியான நேரம்.

பானெட்டைத் தூக்கி நிறுத்தினான். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். எண்ணெய் மேல் கோட்டையும் தாண்டி நின்றது.

"ஆயில் ஊத்துனீங்களா?"

"தொடவே இல்ல. ஏன், கம்மியா கீதா?"

"ஜாஸ்தியா இருக்கு."

"ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே!"

ஊற்றாத எண்ணெய் எப்படி ஏறும்? எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகினான். மூடியின் உள்பக்கம் ஆடை படிந்த பால் டீ நிறத்தில் கொழகொழவென்று அப்பியிருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது.

ஏழு மாதமாகக் கல்லாய்க் கிடந்த நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. இந்த வண்டி போகாது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. அதனால் இரண்டு மடங்கு கவனமாகப் பார்த்தான். மழைக்காலத்தில், கொஞ்ச தூரமே ஓடும் வண்டியில் மூடியில் மட்டும் இப்படிப் படிவதுண்டு. அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

ரேடியேட்டர் மூடியைக் கழற்றினான். தண்ணீர் நாலு விரல் கீழே இருந்தது. மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம்.

"எஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்க."

கிறிஸ்டோபர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ரேடியேட்டர் வாயில் ஒரு குமிழி வந்தது. அப்புறம் ஒன்று. பிறகு உலை கொதிப்பதுபோல நிற்காமல் வந்தது. எஞ்சின் சூடேறக்கூட இல்லை.

"போதும், நிறுத்துங்க" என்றான். "ஹெட் கேஸ்கட் போயிருக்கு. தண்ணி ஆயில்ல எறங்குது. எஞ்சின் காத்து தண்ணியில வருது. இதுல போனா வழியில கொதிச்சி நின்னுடும்."

"நேத்து வந்தோமே! வழியில சூடாச்சின்னு ஒரே ஒருவாட்டி கூலண்ட் ஊத்துனேன், அவ்ளோதான். பாரு, ரேடியேட்டர் பக்கத்துல டப்பா நெறைய எப்படி பச்சப்பசேல்னு கீது. வண்டி குடுத்தவனே ஒரு பாட்டிலும் குடுத்தான்."

வாசலில் ஜாய்ஸுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அமலி எழுந்து வந்தாள். காருக்குள் பார்க்கவில்லை. கிருபாகரன் முகத்தைப் பார்த்தாள்.

"தம்பி, அனுப்ப மனசு இல்லன்னா ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். வண்டி மேல பழி போடாதீங்க."

நேராகக் கேட்டுவிட்டாள். 'மனசு இல்லக்கா' என்று சொன்னால் முடிந்தது. ஜாய்ஸ் பின்னியும் பின்னாததுமான ஜடையோடு காரின் சக்கரத்தைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தாள். வைத்துக்கொண்டு என்ன செய்வது? ராத்திரி ஷிப்டில் யாரிடம் விடுவது?

"கேஸ்கட் போயிருக்குக்கா" என்றான். "நெஜமா."

"இன்னா பேஜாரு காலங்காத்தால?" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார் தணிகாசலம். குணசுந்தரியின் புருஷன். வீட்டுக்குப் பின்னால் சாயப்பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றி ஏற்றி அவர் விரல்கள் எந்த நாளும் ஒரே நிறமாக இருந்ததில்லை. விஷயத்தைக் கேட்டார். பச்சைத் தண்ணீர் நிறைந்த டப்பாவை எட்டிப் பார்த்தார். விரலை விட்டு எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்தார்.

"சார், இது எங்க ஊரு கிளிப்பச்ச மாதிரி கீதே."

"இன்னாங்க சொல்றீங்க? அது கூலண்ட்டு" என்றார் கிறிஸ்டோபர்.

கிருபாகரனும் தொட்டுப் பார்த்தான். கூலண்ட் விரலில் வழுக்க வேண்டும். இது குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. விரல் நுனி மட்டும் பச்சையாகிவிட்டது.

"இருங்க, நம்ம வழியில பாத்துடலாம்" என்ற தணிகாசலம், டப்பாவிலிருந்து ஒரு டம்ளர் மொண்டுகொண்டு பட்டறைக்குள் போனார். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. பத்து நிமிடத்தில் திரும்பி வந்தபோது கையில் ஒரு பிடிப் பட்டு நூல் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளையாகப் போனது பச்சையாக வந்திருந்தது. வாசல் குழாயைத் திறந்து எல்லோர் முன்னாலும் அலசினார். தண்ணீர் தெளிவாக ஓடியது. நூலில் பச்சை அப்படியே நின்றது.

"பட்டு பொய் சொல்லாது சார். தண்ணியில சாயத்த கலக்கி ஊத்தி வித்திருக்கான்."

கிறிஸ்டோபர் காரையும் நூலையும் மாறி மாறிப் பார்த்தார். "என் தலையில நல்லா மொளகா அரைச்சிட்டான்."

"பச்ச மொளகா சார்!" என்றார் தணிகாசலம். கிறிஸ்டோபரே சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, குழந்தைக்கென்று ஆசையாகப் பின் சீட்டில் போட்டிருந்த புது விரிப்பைப் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

அமலி கிருபாகரன் பக்கம் திரும்பினாள். "தப்பா பேசிட்டேன் தம்பி. மனசுல வெச்சிக்காதீங்க."

"பரவால்லக்கா."

இன்றைக்குத் தப்பித்தது என்று நினைத்தான். கேஸ்கட் மாற்ற இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். அதற்குள் தைரியம் வரலாம், வார்த்தை வரலாம். ஷிப்டை மாற்றித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்கலாம். கணக்குப் போட்டபடி பானெட்டை இறக்கினான்.

"பதினோரு மணிக்கு கண்ணமங்கலம் வழியா போற வேலூர் பஸ்ஸு கீதுல்ல?" என்று எதிர்வாசலில் நின்றிருந்த குணசுந்தரியைக் கேட்டாள் அமலி.

"அர மணிக்கு ஒண்ணு போய்கினுதான் இருக்குது."

"அப்ப நாங்க பஸ்லயே போயிடறோம். அவரு வண்டிய மெக்கானிக்குகிட்ட விட்டுட்டு மெதுவா வரட்டும்."

அந்தச் சொல் ஜாய்ஸின் காதில் விழுந்துவிட்டது. "பஸ்ஸு! பஸ்ஸு!" என்று குச்சியைப் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடி ஓடினாள். இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு அப்பா முன்னால் வந்து நின்றாள். அவன் மண்டியிட்டுக் கழற்றி, மாற்றி மாட்டிவிட்டான். வேறு என்ன செய்ய முடியும்?

பஸ் நிறுத்தம் தெருமுனையைத் தாண்டினால் வந்துவிடும். இரண்டு பைகளையும் அவன்தான் தூக்கிக்கொண்டான். அமலி குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. பால் நன்றாக ஆறினால்தான் குடிப்பாள். தூக்கம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் காதைப் பிடித்துக்கொள்வாள். இடி இடித்தால் அழமாட்டாள், மிக்ஸி ஓடினால் அழுவாள். இதில் ஒன்றையும் அவன் சொல்லவில்லை.

பஸ் வந்தது. கூட்டம் அதிகமில்லை. ஏறி, மூன்று பேர் உட்காரும் சீட்டாகப் பிடித்துப் பைகளை மேலே வைத்தான். ஜாய்ஸை ஜன்னலோரம் உட்கார வைத்தான்.

"கைய வெளிய நீட்டுவாக்கா. பாத்துக்குங்க."

"நான் பாத்துக்கறேன்." அமலி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் வாங்களேன் தம்பி. சாயங்காலம் திரும்பிடலாம்."

சாயங்காலம் அவளை அங்கே விட்டுவிட்டுத் தனியாகத் திரும்ப வேண்டும். அது இதைவிட மோசம்.

"ரெண்டு மணிக்கு ஷிப்டுக்கா."

ஜாய்ஸ் ஜன்னலை விட்டு எழுந்து, பெரியம்மாவின் மடியைத் தாண்டி, கடைசியில் காலியாக இருந்த இடத்தை உள்ளங்கையால் தட்டினாள்.

"அப்பா, இங்க. இங்க ஒக்காரு."

அவன் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"இன்னா சார், வரீங்களா, எறங்கறீங்களா? ஜல்தி" என்றார் கண்டக்டர். விசில் வாயில் இருந்தது.

கிருபாகரன் இறங்கினான். கால் தரையில் பட்டதும் விசில் ஒலித்தது. கூடையோடு ஓடி வந்த ஓர் அம்மாள் அவனைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். பஸ் நகர்ந்தது. அந்த அம்மாள் உள்ளே நடந்து போய், கூடையைக் காலடியில் வைத்துவிட்டு, அந்தச் சீட்டின் ஓரத்தில் உட்காருவது பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தது.