கறக்காத மடி

அடுத்த வருஷத்திலிருந்து கில்பிரே கண்காட்சியில் மாட்டுப் போட்டி கிடையாது என்று கமிட்டி முடிவெடுத்தபோது, எதிர்த்துக் கை தூக்கியவர் லயல் கூர்லே ஒருவர்தான். கறவை மாடு வைத்திருப்பவர்கள் ஊரில் மூன்றே பேர் என்றார்கள். அந்த மூன்று பேரில் லயலைச் சேர்த்ததே கொஞ்சம் தாராளம். வசந்தத்தில் நாற்பத்தோரு மாடுகளை ஏலத்தில் விட்டுவிட்டார். பிரையர் என்ற ஒரு பசு மட்டும் மிச்சம். அதையும் விட்டிருப்பார், மனைவி நோரீன் தொழுவத்து வாசலில் குறுக்கே நின்றுவிட்டாள்.

லயலின் கவலையெல்லாம் வெள்ளிக் கோப்பை பற்றித்தான். ஜெயித்தவர்களின் பெயர்களை நூறு வருஷமாக அதில் பொறித்துக்கொண்டு வருகிறார்கள். தாத்தா பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது, அப்பா பெயர் நான்கு இடத்தில். லயலுக்கு ஒன்பது தடவை இரண்டாம் பரிசு கிடைத்தது. இரண்டாம் பரிசுக்காரன் பெயரை யாரும் பொறிப்பதில்லை. கோப்பையில் இன்னும் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். அறுபத்துமூன்று வயது மனுஷனுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கிற விஷயமா என்று கேட்டால், கெடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

போட்டியில் மடி புடைத்துத் தெரிய வேண்டும். அதற்காக முதல் நாள் கறவையோடு நிறுத்திக்கொள்வது எல்லோரும் செய்கிற காரியம்தான். பன்னிரண்டு மணி நேரம் விடுவார்கள். சனிக்கிழமை காலை பத்து மணிப் போட்டிக்கு லயல் வெள்ளி மாலை ஐந்து மணிக்கே கறந்து முடித்துவிட்டார்.

அன்றைக்கென்று பார்த்து மழை கொட்டியது. மாடுகளை நடத்துகிற வளையம் சேறாகிவிட்டதால் மரத்தூள் கொட்டி மதியம் இரண்டு மணிக்குப் போட்டி என்று அறிவித்தார்கள். அதுவரை கூட்டத்தைப் பிடித்துவைக்கக் கமிட்டித் தலைவர் கீத் பிரவுட்ஃபுட் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். அந்த ஆளிடம் ஒலிபெருக்கி போனால் திரும்பி வராது. காடு வெட்டி முடிக்காத காலத்தில் பதினோரு விவசாயிகள் மூன்று காளைகளையும் ஒரு பீப்பாய் வெண்ணெயையும் வைத்து இந்தக் கண்காட்சியைத் தொடங்கிய கதை. மண்டபம் எரிந்துபோன வருஷத்தில் பெண்கள் தங்கள் ஒட்டுப் போர்வைகளைத் தேவாலய வேலியில் தொங்கவிட்டு நடத்திக் காட்டிய கதை. மைதானத்தில் பட்டாளம் கூடாரம் அடித்திருந்தபோது நடுத்தெருவில் பூசணியை எடை போட்ட கதை. ஒன்றையும் விடவில்லை. பூசணிதான் இப்போதும் கூட்டத்தை இழுத்தது. அறுநூறு கிலோ பூசணியை எந்திரத்தால் தூக்கித் தராசில் வைப்பதைப் பார்க்க அத்தனை பேரும் ஓடினார்கள். ராட்டினம் தூறலில் காலியாகச் சுற்றியது. ஒன்றையொன்று மோதி நொறுக்கும் பந்தயத்துக்கு வந்த பழைய கார்கள் உறுமின. மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை.

பதினொரு மணிக்கு நோரீன் மடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"கறந்துடு லயல். கால மாத்தி மாத்தி வைக்கிறா பாரு."

"இன்னும் மூணு மணி நேரம்தானே."

"மூணு மணி நேரம் நீ ஒண்ணுக்குப் போகாம இரு, பாப்போம்."

பக்கத்துத் தடுப்பில் இருந்த ஸ்டான் ஃபெரியர் சிரித்தார். ஒத்தை மாட்டை வைத்துக்கொண்டு ஒரு மந்தைக்கு உண்டான ஆட்டம் போடுகிறாரே என்று கிண்டல் வேறு. லயலுக்கு முகம் சிவந்துவிட்டது. கறக்கிற எண்ணம் கொஞ்சம் இருந்திருந்தாலும் அத்தோடு போயிற்று.

பன்னிரண்டரைக்குப் பிரையரின் காம்புகளில் பால் தானாகவே சொட்டத் தொடங்கியது. சொட்டச் சொட்ட மடி தளரும். லயல் நோரீனைக் காபி வாங்கிவரச் சொல்லி அனுப்பினார். மருந்துப் பெட்டியில் வெட்டுக் காயத்தின் மேல் பூசுகிற மருந்து இருந்தது. பூசினால் தோல் மாதிரி இறுகிவிடும். நான்கு காம்பிலும் பூசினார். தப்பு என்று தெரியாமல் செய்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

நோரீன் திரும்பிவந்தபோது சொட்டு நின்றிருந்தது. கறந்தாயா என்று கேட்டாள்.

"கொஞ்சம் எடுத்துவிட்டேன்," என்றார் லயல்.

முப்பத்தெட்டு வருஷத்தில் மாட்டு விஷயத்தில் அவர் பொய் சொன்னதில்லை. அதனால் அவள் நம்பினாள். அன்று அவளுக்கு ஆப்பிள் பணியார மேசையில் வேலை, போய்விட்டாள்.

லயல் ஜெயித்தார். நடுவராக வந்த ஹில்கா என்ற பெண், இந்த மடிக்காகவே முதலிடம் என்று ஒலிபெருக்கியில் சொன்னாள். அவள் கை பட்டபோது பிரையர் உடம்பை வெடுக்கென்று ஒடுக்கியதை லயல் பார்த்தார்; அவள் பார்க்கவில்லை. கைதட்டியவர்கள் இருபது பேர் இருப்பார்கள். ஸ்டான்கூட வந்து கை கொடுத்தார். பிறகு படம் எடுத்தார்கள், அதன்பின் ஊர்வலம். எல்லாம் முடிய நாலரை ஆயிற்று. அந்த இரண்டரை மணி நேரமும் லயல் சந்தோஷமாகத்தான் இருந்தார். பின்னாளில் அவரால் தாங்க முடியாமல் போனதும் அந்த சந்தோஷத்தைத்தான்.

கறக்க உட்கார்ந்தது நோரீன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. நகத்தால் சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அப்புறம் மற்ற மூன்றையும் பொறுமையாக உரித்தாள். மடி மரக்கட்டையாக இருந்தது. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு மஞ்சளாகத் தண்ணீரும், அதில் இழை இழையாக ரத்தமும் வந்தது.

"கொஞ்சம் எடுத்தேன்னு சொன்னியே," என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை.

பிரையருக்கு மூன்று நாள் காய்ச்சல் கொதித்தது. மருத்துவர் ஊசி போட்டு உயிரைக் காப்பாற்றினார். மடியைக் காப்பாற்ற முடியவில்லை. மூன்று காம்பு செத்துவிட்டது, நாலாவதிலும் சீழ் வைத்திருக்கிறது, வைத்துக்கொண்டிருப்பது அதற்கு வேதனைதான் என்றார். நோரீன் சரி என்று தலையாட்டினாள். லயலைக் கேட்கவில்லை. கோப்பையில் பெயரை எப்படிப் போட என்று கீத் தொலைபேசியில் கேட்டபோது, லயல் எது வேண்டுமானாலும் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்டோபர் பத்தாம் தேதி காலை இறைச்சிக் கூடத்து வண்டி வந்தது. வீட்டில் மிச்சம் இருந்தது போட்டிக்குக் கட்டுகிற தோல் தலைக்கயிறு ஒன்றுதான். லயல் அதைப் பிரையரின் தலையில் மாட்டி முற்றத்துக்கு நடத்திவந்தார்.

கயிறு ஏறியதும் பிரையர் நின்றது. தலையைத் தூக்கிக்கொண்டது. ஒரு பின்னங்காலை அரையடி முன்னால் எடுத்துவைத்து, முதுகை நேராக்கி, அசையாமல் நின்றது. இரண்டு குளிர்காலம் லயல் பழக்கியது அதைத்தான். நடுவர் சுற்றிவந்து பார்த்து முடிக்கிறவரை அது நகராது.

வண்டிக்காரன் சாய்பலகையை இறக்கிவிட்டுக் காத்திருந்தான். லயல் கயிற்றை இழுத்தார். அது இன்னும் நிமிர்ந்தது.

சமையலறை வாசலிலிருந்து நோரீன் சொன்னாள்: "அவகிட்ட சொல்லு லயல். போட்டி முடிஞ்சிருச்சுன்னு."

லயல் கயிற்றைத் தளர்த்தினார். பிரையர் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருந்தது.