நடுவில் நிற்கும் முள்

பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி எழுகிறது, வெள்ளையாக, அவசரமில்லாமல், தொப்பூர் ஏற்றத்தில் லாரிகள் முனகிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போகின்றன, காரைப் புளியமர நிழலில் ஒதுக்கி நிறுத்தியிருக்கிறேன், வளர்மதி இறங்கவில்லை, இடது சீட்டில் பச்சைச் சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிக்கிறாள், என்னங்க, உங்க வண்டிக்கு மறுபடியும் கோவம் வந்துருச்சா என்கிறாள், சிரிக்காதே வளரு என்கிறேன், சொன்னேன், எப்போது சொன்னேன், பங்குனியில், வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், சேலத்தில் அவளுக்கு டயாலிசிஸ் முடித்துத் தருமபுரிக்குத் திரும்பும்போது. ரேடியேட்டர் ஆறட்டும் என்று காத்திருந்து, துணியைச் சுற்றி மூடியைத் திறந்து, பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றுகிறேன், அவள் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், நாக்கால் உதட்டைத் தடவிக்கொள்கிறாள், அவளுக்கு டாக்டர் அளந்து கொடுத்த தண்ணீர் காலையிலேயே தீர்ந்துவிட்டது, அது மட்டும் குடம் குடமா குடிக்குது, எனக்குன்னா அரை டம்ளர், உங்களுக்கு அதுமேலதான் பிரியம் என்கிறாள், நான் திரும்பிக்கொள்கிறேன், என் முகத்தை அந்த நேரத்தில் அவள் பார்க்கக் கூடாது.

மெக்கானிக் தஸ்தகீர் பாய்தான் சொல்லிக் கொடுத்திருந்தார், ஏத்தத்துல சூடு காட்டுற முள்ளு மேல போச்சுன்னா ஏசிய நிறுத்திட்டு ஹீட்டர ஃபுல்லா வைங்க சார், இன்ஜின் சூட்ட உள்ள இழுத்துரும், கொஞ்சம் வேவீங்க, ஆனா வண்டி பொழைக்கும். நான் வெந்தேன், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, கண்ணில் வியர்வை இறங்கி ரோடு கலங்கியது, பக்கத்தில் வளர்மதி, மெஷினில் ரத்தம் போய்த் திரும்பிய உடம்பு ஐஸாகக் கிடக்க, ஹீட்டர் வாய்க்கு இரண்டு உள்ளங்கையையும் காட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள், அப்பாடா, அடுப்படியில உக்காந்த மாதிரி இருக்குங்க, இப்பத்தான் எலும்பு வரைக்கும் உறைக்குது என்றாள், அன்று முதல் மீட்டர் முள்ளைப் பார்க்கும் வேலை அவளுடையது, பாதி தாண்டிருச்சு, ஹீட்டரப் போடுங்க, போடுங்க, முள் பாதியைத் தாண்டாதபோதும் தாண்டிவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தாள், எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

பாய் விடவில்லை, ரேடியேட்டரைக் கழுவினார், பெல்ட்டை மாற்றினார், ஃபேன் மோட்டாரைக் கழற்றி மாட்டினார், கார் ஒவ்வொரு முறையும் ஊருக்குள் சாதுவாக ஓடிவிட்டு ஏற்றத்தில் கழுத்தை அறுத்தது, கடைசியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு பித்தளைச் சாமானை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், ஆள் ஆப்ட்டுச்சு சார், இந்த வால்வுதான், சூடானா தொறந்து தண்ணிய விடணும், இது பாதிதான் தொறக்குது, புதுசு இந்தப் பழைய மாடலுக்கு இங்க கிடைக்காது, மெட்ராஸ்ல சொல்லி வைக்கிறேன், வர்ற வரைக்கும் இது இல்லாமலே ஓட்டுங்க, சூடே ஆவாது. வீட்டில் சொன்னேன், வளர்மதி கேட்டுவிட்டு, எனக்கும் சிறுநீரகத்துக்குப் பேர் பதிஞ்சு வச்சிருக்கோமே, அதுவும் மெட்ராஸ்லதானே வரணும், யாருக்கு மொதல்ல வருதுன்னு பாப்போம், வண்டிக்கா எனக்கா என்றாள், இதிலெல்லாமா பந்தயம் என்று கோபித்தேன், எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

சூடே ஆகவில்லை. பாய் சொன்னது சொன்னபடி. முள் அடியிலேயே கிடந்தது, ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறினோம், ஹீட்டரைத் திருகினால் நோயாளியின் மூச்சுபோல வெதுவெதுப்பாக ஏதோ வந்தது, வளர்மதி கையைக் காட்டிப் பார்த்தாள், மடக்கிக்கொண்டாள், பல் கிடுகிடுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது, பரவால்லங்க, வண்டி நல்லாயிருச்சுல்ல என்றாள், வெளியே ரோட்டில் கானல் ஓடுகிறது, உள்ளே அவள் மார்கழியில் உட்கார்ந்திருக்கிறாள், ஜன்னலை இறக்கிப் பார்த்தேன், வெயில் வருவதற்குள் காற்று வந்து அவளை இன்னும் குறுக்கியது. மறுநாள் பாய் கடையில் நிற்கிறேன், அந்தப் பழைய வால்வையே மறுபடி மாட்டுங்க பாய், அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார், நல்லா ஓடுற வண்டிக்கு நோயத் திருப்பி மாட்டச் சொல்ற ஆள இப்பத்தான் சார் பாக்குறேன், இன்ஜினே போயிடும், போகட்டும் பாய், அவளுக்குக் குளிருது. அவர் குப்பை டப்பாவைத் தரையில் கவிழ்த்துத் தேடினார், தேய்த்துத் துடைத்து மாட்டினார். அடுத்த முறை தொப்பூரில் முள் துள்ளி ஏறியது, வந்துட்டான்யா என்று கைதட்டினாள் வளர்மதி, நோய் திரும்பி வந்ததற்குக் கைதட்டிய ஒரே மனுஷி.

பிறகு அது, மெஷினில் இருக்கும்போதே, ஒரு நர்ஸ் ஓடினாள், இன்னொருத்தி திரையை இழுத்தாள், திரை மறுபடி திறந்தபோது யாரும் ஓடவில்லை. ஆம்புலன்சில் அவளருகே உட்கார்ந்திருக்கிறேன், ஏசி சில்லென்று அடிக்கிறது, தம்பி, அதக் கொஞ்சம் நிறுத்துப்பா என்கிறேன், டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறான், ஐயா, இனிமே அம்மாவுக்கு, என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு ஏசியை நிறுத்தினான். பின்னால் எங்கள் காரை ஓட்டி வந்தான் மச்சான், புளியமரத்துக்கிட்ட சொல்லி வச்ச மாதிரி நின்னுக்கிச்சு மாமா என்றான், அழுதுகொண்டே.

காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது, தஸ்தகீர் பாய், விஷயம் தெரியாது அவருக்கு, குரலில் அவ்வளவு சந்தோஷம், சார், மெட்ராஸ்லருந்து வந்துருச்சு சார், இனி இன்ஜினும் கெடாது, ஹீட்டரும் நெருப்பா அடிக்கும், அம்மாவுக்குச் சொல்லுங்க. வண்டிக்குத்தான் முதலில் வந்தது வளரு, நீ தோற்றுப்போய்விட்டாய்.

இன்று கத்திரி வெயில், ஆஸ்பத்திரியில் கிடந்த சால்வையை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், வாங்கிக்கொண்டு ஏற்றத்தில் வருகிறேன், பாய் புது வால்வை மாட்டிவிட்டார், முள் நடுவில் நிற்கிறது, அசையவில்லை, நிறுத்த ஒரு காரணமும் இல்லை, நிறுத்துகிறேன், புளியமர நிழல், ஹீட்டர் முழுதாக, அதன் வாயை இடது பக்கம் திருப்பி, சீட்டில் மடித்த சால்வையின் நுனி அந்தக் காற்றில் லேசாக ஆடுகிறது, பாதி தாண்டிருச்சு, போடுங்க, போட்டிருக்கிறேன் வளரு. ரேடியேட்டருக்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் போய்க் கதவைத் திறக்கிறேன், அவள் கால் இறங்கும் இடத்தில், கொதிக்கும் தாரில், பாட்டில் முழுவதையும் ஊற்றுகிறேன், அளக்காமல், குடி, நிறையக் குடி, தண்ணீர் ஓடக்கூட இல்லை, ரோடு அங்கேயே உறிஞ்சிக்கொண்டது, ரோட்டிலிருந்து ஆவி எழுகிறது, வெள்ளையாக, அவசரமில்லாமல்.