எங்கள் பிள்ளை கண்டுபிடித்தது

மல்லாவியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டோ பிடித்து வந்த அவசரத்தில், செருப்பைக் கழற்றவும் மறந்து சிவரூபி பெரியப்பா வீட்டுக்குள் ஏறினாள். பெரியப்பா ஆண்டியப்பன் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார். தை மாதத்திலிருந்து அவருக்குச் சிறுநீர் கழிக்கும்போது சலத்தோடு இரத்தம் போகிறது என்று பெரியம்மா வடிவம்மா அன்று காலையில்தான் போனில் சொல்லியிருந்தாள். இப்போது வைகாசி.

“ஏன் பெரியப்பா ஆஸ்பத்திரிக்குப் போகேல்லை?”

“இங்க டாக்டரம்மா வவுனியாவுக்குப் போய் ஸ்கான் எடுக்கச் சொல்லுச்சு. நான்தான் நம்ம புள்ளயோட டெஸ்டு வரட்டும்னு இருந்தேன்.” வன்னிக்கு வந்து தலை நரைத்தும் மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பேச்சு அவர் வாயை விட்டுப் போகவில்லை. “வெளியாளுக்கு ஏன் ஒடம்பக் காட்டணும்? நீதான் கண்டுபிடிச்சிட்டியே.”

சிவரூபி அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் கண்டுபிடித்தது என்ன? வவுனியாவில் பல்கலைக்கழக அறையொன்றில் கணினி முன்னால் இருந்து, யாரோ வெளிநாட்டு நோயாளிகளின் தரவுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். ஒரே மூலத்திலிருந்து கிளைத்த மரபணுக் குடும்பம் ஒன்றில் சில மரபணுக்கள் சிறுநீரகப் புற்றுக்கட்டிக்குள் அளவுக்கு மிஞ்சி வேலை செய்கின்றன, அப்படி மிஞ்சி வேலை செய்யும் நோயாளிகள் சீக்கிரம் சாகிறார்கள். பிற்காலத்தில் நோயை அறிய இவை ஓர் அடையாளமாக உதவக்கூடும். அவ்வளவுதான். அவள் ஒரு நோயாளியைக் கண்டதில்லை, ஒரு துளி இரத்தத்தைத் தொட்டதில்லை.

ஆனால் அவளுடைய ஆய்வுக் கட்டுரை வெளிவந்த செய்தி கேட்டதும் ஊர்ச் சனசமூக நிலையம் பொங்கலோடு சேர்த்து அவளுக்குப் பாராட்டு விழா வைத்துவிட்டது. தலைவர் யோகலிங்கம் மைக்கைப் பிடித்து, “இனி எங்கட சனத்துக்கு ஸ்கானும் வேண்டாம், வெட்டிப் பாக்கவும் வேண்டாம். ஒரு சொட்டுச் சலம் போதும், எங்கட பிள்ளை வருத்தத்தைச் சொல்லிப்போடும்” என்று முழங்கினார். சிவரூபி எழுந்து, இது முதற்படி மட்டுமே, பரிசோதனை என்று இன்னும் ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் செய்தாள். சொன்னது மேடைத் தமிழில், தலையைக் குனிந்துகொண்டு. சனம் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டியது. தோட்டக்காட்டுச் சனம் என்று இவர்களை இளக்காரமாகச் சொன்னவர்களும் அன்று அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் பெரியப்பா பெருமையில் அழுதுகொண்டிருந்தார். இன்னொரு தடவை, விளங்கும்படி சொல்லியிருக்கலாம். அந்தப் பாராட்டின் இனிப்பு அவளுக்கும் பிடித்திருந்தது. அதுதான் உண்மை.

வந்து சேர்ந்த மறுநாளே பெரியப்பாவை வவுனியாவுக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள். அப்படி ஒரு டெஸ்ட் இல்லை, இனி வந்தாலும் எத்தனையோ வருசம் போகும் என்றாள். அவர் வெளியே வயல்களைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப அந்த யோகலிங்கம் சொன்னது?” என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

ஸ்கானில் கட்டி பெரிதாகத் தெரிந்தது. நெஞ்சுக்கும் போய்விட்டிருந்தது. “கொஞ்சம் முந்தி வந்திருந்தா சிறுநீரகத்தை எடுத்திருக்கலாம்” என்றார் டொக்டர். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் சிவரூபி தாங்கியிருப்பாள்.

வீடு திரும்பிய அன்று பின்னேரம் பார்க்க வந்தவர்களால் முற்றம் நிறைந்தது. யோகலிங்கமும் வந்திருந்தார். என்னவாம் என்று கேட்டதற்கு, சிவரூபி வாய் திறக்குமுன் ஆண்டியப்பன் முந்திக்கொண்டார்.

“புத்துநோயாம். நம்ம புள்ளதான் கண்டுபிடிச்சுது.”

யோகலிங்கம் எல்லோரையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். “நான் அண்டைக்கே சொன்னனான்” என்றார்.

ஆட்கள் போனபின் சிவரூபி கட்டிலருகே நின்றாள். “ஏன் பெரியப்பா பொய் சொன்னனீங்கள்?”

“நான் போற கட்ட. ஒன்னால நான் கெட்டேன்னு ஒரு பய சொல்லக்கூடாது. தோட்டக்காட்டான் புத்தி இவ்வளவுதான்னு சொல்லிருவாங்க.” அவர் கண்களை மூடிக்கொண்டார். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

மறுநாள் காலையில் அவள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வேலிப் படலையில் சபூறா நின்றாள். சந்தியில் கடை வைத்திருக்கும் மஹ்றூபின் மனைவி. முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு சொப்பிங் பையை எடுத்தாள். உள்ளே ஜாம் போத்தல், அதில் சலம்.

“மகள், எங்கட மனுசனுக்கும் ரெத்தமாப் போகுது. ஸ்கானுக்குப் போகச் சொன்னாங்க. நான்தான், முதல்ல புள்ளையிட்டக் காட்டுவமெண்டு நிப்பாட்டி வச்சிரிக்கன். நேத்து உங்கட பெரியப்பாவுக்குப் பாத்துச் சொன்னீங்களாமே.”

பின்னால் கதவு முனகியது. யாரும் பிடிக்காமல் ஆண்டியப்பன் எழுந்து வந்து, கதவு நிலையைப் பற்றிக்கொண்டு நின்றார். அவர் சிவரூபியின் முகத்தையே பார்த்தார். உண்மையைச் சொல்லாதே என்று கெஞ்சுவது போலவும் இருந்தது, சொல்லிவிடு என்பது போலவும் இருந்தது. பற்பசை நுரை அவள் வாயில் நிறைந்திருந்தது. சபூறா இரண்டு கையாலும் பையை நீட்டிக்கொண்டே நின்றாள். போத்தலின் சூட்டில் பையின் உட்புறம் மெல்ல ஆவி படிந்துகொண்டிருந்தது.