உது, ஆற்றை?

அரியாலைத் தேவாலயத்தின் அறுவடை விழா ஏலத்துக்கு டினேஸ் எழுதிய புறோகிராமுக்குத்தான் அவனுடைய இறுதியாண்டுப் புள்ளிகள். புள்ளி போடும் விரிவுரையாளர் ஜெயந்தினி மிஸ் ஞாயிறு பதினொரு மணிக்கு நேரே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பத்து மணிக்கு அது ஒரு பூசணிக்காயைக்கூட ஏற்க மறுத்துக்கொண்டிருந்தது.

குற்றம் ஒரு கேள்விக்குறியில் இருந்தது. மரக்கறிக்கு ஒன்று, ஆடு கோழிக்கு ஒன்று, கேக்குக்கு ஒன்று என மூன்று பட்டியல் போட்டவன், மூன்றையும் ஒரே கட்டளையால் மேய்க்க ஆசைப்பட்டு, பொருளின் வகை எழுதவேண்டிய இடத்தில் கேள்விக்குறியைப் போட்டிருந்தான். அப்படிப்பட்ட பட்டியலை எண்ணலாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். புதிதாக ஒன்றைப் போட மட்டும் ஏலாது. உள்ளே இருப்பது கேக்கா கோழியா என்று தெரியாமல் பூசணிக்காயை எப்படி விடுவது என்பது கணினியின் வாதம். வாதம் நியாயமாக இருந்ததுதான் டினேசுக்கு இன்னும் எரிச்சல்.

மிச்ச எரிச்சலை விழாக் குழுச் செயலாளர் ஐரிஸ் அன்ரி கொடுத்தார். வாசலில் வருகிற பொருள்களை அவர் பதிந்த கொப்பியில், பொருளின் பெயருக்குப் பதில், முன்னால் இருப்பதைக் கைகாட்டுகிற மாதிரி, மேலிருந்து கீழ்வரை, "உது" "உது" "உது" என்றே இருந்தது.

"அன்ரி, கோழியோ கேக்கோ எண்டு எழுதினால் என்ன?"

"கண்ணுக்கு முன்னாலை கத்துற கோழியைக் கோழி எண்டு எழுதவோ? ஏலத்திலை சனம் கேக்கிறது ஒண்டுதான் தம்பி. ஆற்றை, ஆர் தந்தது எண்டு."

உண்மைதான். பக்கத்தில் உரியவர் பெயர்கள் ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தன. யசிந்தாவின்ரை கேக்கை ஏன் ஒருவரும் கேட்பதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

மூன்று பட்டியலையும் அழித்து ஒன்றாக்கினான். வகைக்கு "உது" என்று பெயர் வைத்தான். எதுவும் உள்ளே வரலாம், ஆற்றை என்று சொன்னால் போதும். பத்து ஐம்பதுக்குப் பூசணிக்காய் போனது. பின்னால் ஆடும் போனது. நீக்குவதற்கு வழி எழுத நேரமில்லை. தேவையுமில்லை என்றார் அன்ரி. கோயிலுக்குத் தந்ததை ஆரும் திருப்பிக் கேட்பதில்லையாம்.

மிஸ் வந்தார். பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நீர் நினைச்சும் பாக்காத ஒண்டைப் போட்டுக் காட்டும்."

டினேஸ் சுற்றிப் பார்த்தான். மேசையில் பூசணிக்காய்களுக்கு நடுவே இருந்தது அவனுடைய லப்டொப் ஒன்றுதான். அதையே போட்டு, உரியவர் டினேஸ் என்று தட்டினான். புறோகிராம் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. மிஸ் தலையசைத்து, முழுப் புள்ளியையும் எழுதினார்.

பட்டியல் அந்தக் கணமே ஏலம் கூறும் கனகரட்ணத்தின் தொலைபேசிக்கும் போயிருந்தது. அதுவும் டினேஸ் எழுதியதுதான்.

"அடுத்தது உது," என்றது ஒலிபெருக்கி. "டினேசின்ரை."

அவன் மிஸ்ஸைப் பார்த்தான். "சரியாத்தான் வேலை செய்யுது," என்றார் அவர்.

டினேஸ் தன் லப்டொப்பைத் தானே ஏலம் கேட்கக் கையை உயர்த்தினான். முன்வரிசையில் செபநாயகம் ஏற்கெனவே உயர்த்தியிருந்தார்.