இருபத்திரண்டு டிக்

எங்கள் பாதுகாப்பு மேலாளரின் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதை அவர் ஊதி யாரும் கேட்டதில்லை. மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொள்வார், அவ்வளவுதான். முதுகுக்குப் பின்னால் அவருக்கு விசிலார் என்று பெயர். நேரில் எல்லோரும் சார் என்றுதான் அழைத்தோம், நானும் சேர்த்து.

அவருக்கு இரண்டு பதவிகள். ஒன்று பாதுகாப்பு, இன்னொன்று அவசரகாலத் தயார்நிலை. முதலாவதன் வேலை கண்டவர்கள் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவதன் வேலை ஆபத்து வந்தால் எல்லோரையும் வெளியே அனுப்புவது. இரண்டையும் ஒரே மண்டையில் ஏற்றியது யாருடைய யோசனையோ தெரியவில்லை. ஏற்றியவர் அந்த மண்டையில் இடம் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கவில்லை.

நான் சுரங்க ரயிலில் நிலைய அதிகாரி. என் நிலையத்துப் பிளாட்பாரத்தின் கோடியில் ஓர் அவசரக் கதவு உண்டு. குறுக்குக் கம்பியைத் தள்ளினால் திறக்கும். அறுபத்திரண்டு படி ஏறினால் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வெளியே வரலாம். இந்தக் குறுக்கு வழியைக் கண்டுபிடிக்க மக்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆளாளுக்குத் தள்ள ஆரம்பித்தார்கள். தள்ளும்போதெல்லாம் அலாரம் அலறியது, ஒரு நாளைக்கு நாற்பது தடவை. டிக்கெட் எடுக்காதவர்கள் அந்தப் படி வழியாகவே உள்ளேயும் வர ஆரம்பித்ததும் விசிலாருக்குப் பொறுக்கவில்லை. கதவுக்கு ஒரு சங்கிலி, சங்கிலிக்கு ஒரு பூட்டு.

சாவியை நிலையத்தில் வைத்தால் நாங்கள் தொலைத்துவிடுவோமாம். அதனால் அது தலைமை அலுவலகத்தில் அவருடைய அறையில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் மேல் சிவப்பு எழுத்தில் 'அவசரத்துக்கு மட்டும்' என்று எழுதியிருந்தார்கள். தலைமை அலுவலகம் எங்களிடமிருந்து நாற்பது நிமிடப் பயணம்.

ஆனாலும் ஆண்டுக்கு ஒரு முறை ஒத்திகை நடக்கும், அதில் அந்தக் கதவு அழகாகத் திறக்கும். எப்படித் திறக்காமல் போகும்? முதல் நாளே விசிலாரின் உதவியாளர் வந்து பூட்டையும் சங்கிலியையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போய்விடுவாரே. பயணிகளாக நடிக்க அலுவலகத்திலிருந்து இருபத்தைந்து இளவட்டங்கள் வருவார்கள், ஓட்டப் பந்தயத்துக்கு வந்தவர்கள் மாதிரி கேன்வாஸ் ஷூவோடு. நெற்றியில் சிவப்புச் சாயம் பூசிய இரண்டு பேரை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்குவார்கள். அடிபட்ட ஒருவர் போன வருடம் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே போனில் பேசிக்கொண்டு போனார். மூன்று நிமிடம் ஐம்பது விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். புகைப்படம், கைதட்டல், டீ. மறுநாள் துணிப்பை திரும்பி வரும்.

ஒத்திகை நேரத்தில் துப்புரவுப் பணியாளர்கள் கண்ணில் படக் கூடாது என்பது இன்னொரு உத்தரவு. படத்தில் வாளியும் துடைப்பமும் விழுந்தால் நன்றாக இருக்காதாம். அவர்களைப் பிளாட்பாரத்துச் சாமான் அறைக்குள் நிற்க வைத்துவிடுவோம். அப்படி நின்றவர்களில் ஒருத்தி என் அக்கா.

அது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஒப்பந்தக்காரரிடம் சொல்லி அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டேன், நிலையத்தில் என்னைச் சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு என் தலையில் ஒரு குட்டும் வைத்தாள். பத்து வருடமாக வீட்டில் டேய், நிலையத்தில் சார். ஒரு நாள்கூட அவள் வாய் தவறவில்லை.

இனி படிவத்துக்கு வருகிறேன். மாதாமாதம் முப்பத்து நான்கு கேள்விகள் கொண்ட பாதுகாப்புப் படிவம் ஒன்றை நான் நிரப்பி அனுப்ப வேண்டும். பதினேழாவது கேள்வி, 'அவசர வழி தடையின்றித் திறக்கும் நிலையில் உள்ளதா?' பூட்டு வந்த முதல் மாதம் அதற்கு எதிரே பெருக்கல் குறி போட்டேன். படிவம் இரண்டே நாளில் திரும்பி வந்தது. 'குறையுள்ள படிவங்கள் ஏற்கப்படமாட்டா. குறையைச் சரிசெய்து மீண்டும் அனுப்பவும்' என்று ஒரு சீட்டு குத்தியிருந்தார்கள். நான் எதைச் சரிசெய்வேன்? பூட்டியவர் விசிலார், சாவி விசிலாரிடம், படிவத்தைத் திருப்பி அனுப்பியதும் விசிலாரின் அலுவலகம். என்னிடம் இருந்தது ஒரு பேனா. பெருக்கல் குறியை அடித்துவிட்டு டிக் போட்டேன். உடனே ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அந்த அலுவலகத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே டிக் போட்டு வந்தேன். திட்டியதால் என் கை சுத்தம் என்று ஒரு நினைப்பு.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு. எஸ்கலேட்டருக்கு அடியிலிருக்கும் இயந்திர அறையில் ஏதோ கருகிப் புகை கிளம்பியது. எஸ்கலேட்டரும் படிக்கட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. இரண்டு நிமிடத்தில் அந்த வழி முழுக்கக் கறுப்பாகிவிட்டது. லிப்ட் தானாகவே நின்றுவிட்டது. நான் மேல்தளத்தில் என் அறையில் இருந்தேன். கீழே எழுபது பேருக்கு மேல்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன்.

"ஒத்திகை நம்பர் சொல்லுங்க சார்" என்றார் எடுத்தவர்.

"ஒத்திகை இல்லைய்யா, நிஜமாவே புகை!"

"ஒத்திகையிலயும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க."

அந்த ஆளுக்குப் புரிய வைக்க ஒன்றரை நிமிடம் ஆனது. புரிந்ததும் அவர் முதலில் தண்டவாளத்து மின்சாரத்தை நிறுத்தினார், விதி அது. இனி ரயிலில் ஏற்றி அனுப்பவும் வழியில்லை. அடுத்து விசிலாருக்குப் போட்டேன். "சாவியோட ஆள் கிளம்பியாச்சு. பதற்றப்படாம ஜனங்களை வரிசையில நிக்க வைங்க" என்றார். சாவி வந்து சேரும் வரைக்கும் புகையும் வரிசையில் நிற்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

படிக்கட்டில் இறங்கப் பார்த்தேன். எட்டுப் படிக்கு மேல் முடியவில்லை, இருமிக்கொண்டே திரும்பி ஏறினேன். இனி எனக்குக் கேமராத் திரைதான் கதி. பிளாட்பாரத்தின் கோடியில் ஜனங்கள் கதவோடு மோதிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் கதவே தெரியவில்லை; கம்பியைத் தள்ளினால் நான்கு விரல் அகலம் திறந்து சங்கிலியில் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். கர்ப்பிணி ஒருத்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தீயணைக்கும் சிலிண்டரை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, அக்கா வந்தாள்.

திரையில் சத்தம் கிடையாது. அவள் முதுகு மட்டும் தெரிந்தது. சிலிண்டரைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழே இறக்கினாள், தூக்கினாள், இறக்கினாள். நான் எண்ணினேன். என்னால் வேறென்ன செய்ய முடிந்தது? பதினான்காவது அடியில் சங்கிலி மாட்டியிருந்த வளையம் பிய்ந்து கதவு திறந்தது. எல்லோரையும் அனுப்பிவிட்டு, கர்ப்பிணியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அவள் கடைசியாகப் போனாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இல்லை.

எல்லோரும் பிழைத்தார்கள். சாவி பன்னிரண்டு ஐந்துக்கு வந்து சேர்ந்தது.

அன்று மாலையே துணிப்பையும் வந்தது. உடைந்த வளையம், சங்கிலி, பூட்டு மூன்றும் அதற்குள் போயின. மறுநாள் நிறுவனத்தின் அறிக்கை வெளியானது. தொடர்ந்த ஒத்திகைகளின் பலனாகப் பயணிகள் அனைவரும் மூன்று நிமிடம் ஐம்பது விநாடியில் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்களாம். உண்மையில் பதினொரு நிமிடம் ஆனது. அதையும் நான் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. திறந்திருந்த அவசரக் கதவைச் சிலிண்டரால் அடித்து நொறுக்கினாள், பயணிகளிடையே பீதியைக் கிளப்பினாள், தீயணைக்கும் கருவியைத் தவறாகப் பயன்படுத்தினாள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக் கூடாது.

விசிலாரின் அறைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டி பளபளவென்று துடைத்து வைத்திருந்தது.

"சார், பூட்டு இருந்தது உங்களுக்கே தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்கிறது முக்கியமில்லைங்க. படிவத்துல என்ன இருக்குன்னுதான் பாப்பாங்க. கதவு திறந்திருக்குன்னு இருபத்திரண்டு மாசம் டிக் போட்டது நீங்க. பூட்டு இருந்துச்சுன்னு வந்தா முதல்ல உங்க வேலை போகும், அப்புறம் என்னோடது ஆடும். இல்லைன்னு வந்தா ஒரு துப்புரவுக்காரி வேலை போகும். ஒப்பந்தத்துல வந்த பொம்பளை. நாளைக்கே வேற எங்கயாவது சேர்ந்துக்கும். நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும்."

அந்த மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். நான் "சரி சார்" என்றேன்.

அக்கா வீட்டில் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சிலிண்டர் தூக்கியதில் வலது தோள் இறங்கிப்போய், இடது கையால் நறுக்கினாள். படிவம் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"எதுக்குடா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? பூட்டு இருந்துச்சுன்னு நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு. நிலைய அதிகாரி சொன்னா நம்பாம இருப்பாங்களா?"

"பாக்கலாம்க்கா."

"பாக்கலாமா? என்னத்தடா பாக்கணும்?"

டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

விசாரணை அறையின் ஏசிக் குளிரில் பல் கிட்டியது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள், ஓரத்தில் விசிலார், விசில் சட்டைக்கு வெளியே. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நிலைய அதிகாரியாக நான். அக்கா சீருடையைத் துவைத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். உட்காரச் சொல்லட்டும் என்று நின்றாள், யாரும் சொல்லவில்லை.

"கதவு பூட்டியிருந்துச்சுன்னு சொல்றீங்க. பூட்டு எங்கே?" என்றார் நடுவில் இருந்தவர்.

"அன்னைக்கே எடுத்துட்டுப் போயிட்டாங்கய்யா."

"கேமராவுல உங்க முதுகுதான் தெரியுது."

"முதுகைக் காட்டாம எப்படிய்யா கதவை உடைக்கிறது?"

விசிலார் ஒரு காகிதக் கட்டை நகர்த்தினார். நடுவில் இருந்தவர் அதைப் பிரித்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். "இருபத்திரண்டு மாசத்துப் படிவம். ஒவ்வொண்ணுலயும் வழி திறந்திருக்குன்னு நிலைய அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கார். அவர் பொய் சொல்றாரா?"

அக்கா குனிந்து பார்த்தாள். அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியாதா? சிலேட்டில் என் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவளே அவள்தான். ஒரு தாளைத் திருப்பினாள், இன்னொன்றைத் திருப்பினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.  "ஆமா, அவர் பொய் சொல்றார்" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வேலை தப்பித்திருக்கும். என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றாள். 

"பொய்தான் சார்" என்றேன். எழுந்து நின்றிருந்தேன். "பூட்டு இருந்தது. இருபத்திரண்டு மாசமும் இருந்தது. தெரிஞ்சே டிக் போட்டேன். முதல் மாசம் பெருக்கல் குறி போட்டு அனுப்பினதைத் திருப்பி அனுப்பினாங்க, அந்தச் சீட்டு என்கிட்ட இருக்கு. இவங்க உடைக்கலைன்னா எழுபத்தொரு பேர் செத்திருப்பாங்க. இன்னொண்ணு, இவங்க என் அக்கா."

விசிலாரின் கை விசிலைப் பிடித்துக்கொண்டது. அப்போதும் அவர் ஊதவில்லை.

என்னைத் தற்காலிகமாக நீக்கினார்கள். அக்காவை வேலைக்குத் திரும்பி வரச் சொன்னார்கள். விசிலாருக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். அதையும் அவர் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார்.

வெளியே படியிறங்கும்போது அக்கா கட்டிப்பிடித்து அழுவாள் என்று ஓர் அசட்டு எதிர்பார்ப்பு எனக்கு. தியாகம் செய்தவனல்லவா நான். அவள் நான்கு படி இறங்கினாள்.

"தினமும் அந்தக் கதவுக்கு முன்னாடிதான்டா கூட்டினேன்" என்றாள். "நீ மேல உக்காந்து டிக் போடும்போதெல்லாம் நான் கீழதான் இருந்தேன்."

 மீதிப் படிகளை அவளுக்குப் பின்னாலேயே இறங்கினேன். தெருமுனையில் அவள் வேறு பேருந்து ஏறிப் போனாள்.

ஒரு மாதம் அவள் பேசவில்லை. பிறகு ஒரு மதியம் அவளாகவே போன் செய்தாள். வீட்டில் வெட்டியாக உட்கார்ந்து அந்த அலுவலகத்தை மனத்துக்குள் நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

"தோள் எப்படிக்கா இருக்கு?"

"இருக்கு. கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டாச்சு, தெரியுமா? சங்கிலி முன்னதைவிடத் தடிமன். ஒரு பொம்பளை உடைக்கிற மாதிரி இருந்தா அது என்ன பாதுகாப்புன்னு கேட்டாராம் உங்க விசிலார்."

சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அந்த ஆளையெல்லாம்..." என்று ஆரம்பித்தேன். அவள் குறுக்கே பேசினாள்.

"சிலிண்டரை நான் கதவுப் பக்கத்துலயே நகர்த்தி வச்சிட்டேன். ரெண்டா வச்சிருக்கேன்."

"படிவத்துல இப்ப யாருக்கா டிக் போடுறா?"

"உன் இடத்துக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்கார். நல்ல மனுஷன்தான் பாவம். அந்த ஆபீஸைக் கிழிகிழின்னு கிழிச்சுக்கிட்டேதான் போடுறார், உன்னை மாதிரியே."