தெருமுனைப் பெட்டி

கயிற்றை மூச்சுப் பிடித்து இழுத்த பிறகுதான் ஜெனரேட்டர் இருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டியில் மறுபடி விளக்கு எரிந்தது. தம்பி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கண் விழித்தது போதாதென்று இப்போது இழவு வீடு, உட்கார்ந்தால் தூங்கிவிடுவான்.

"தம்பி, அவ லைன்ல இல்ல." அண்ணி கைபேசியை நீட்டினாள்.

வெளிநாட்டிலிருந்த மகளுக்கு விமானம் கிடைக்கவில்லை. அப்பா முகத்தைக் கைபேசியிலாவது பார்க்கிறேன் என்று அழுதவளின் படம் அப்படியே நின்று, மறைந்துவிட்டிருந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. தெருமுனை இரும்புப் பெட்டி படுத்துவிட்டது. இந்தப் பக்கத்து இணையம், கைபேசிக் கோபுரம் எல்லாம் அதன் வழியாகத்தான். கண்ணாடி இழையில் வெளிச்சம்தான் போகும், மின்சாரம் போகாது. வழியிலுள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகக் கரண்ட் கொடுத்தாக வேண்டும். அண்ணன் தம்பி இருவருக்கும் அதுதான் பிழைப்பு. அந்தப் பெட்டியின் பேட்டரிகளை இந்த வாரம் அண்ணன் மாற்றியிருக்க வேண்டும். "சாகக்கூட நேரமில்லடா" என்று அலைந்த மனுஷனுக்கு எப்படியோ நேரம் கிடைத்துவிட்டது.

"கம்பெனி வண்டி வராதா?"

"ஊர் முழுக்கக் கரண்ட் இல்ல அண்ணி. அது வர்றதுக்குள்ள நாம அண்ணனை எடுத்துடுவோம். இருக்கறது இந்த ஜெனரேட்டர் ஒண்ணுதான். இதை அங்க கொண்டுபோனா அண்ணனுக்கு..." வெயில் வாசல்வரை வந்திருந்தது.

"பொணத்தை வெச்சுக்கிட்டு இன்டர்நெட் கேக்குதா?" என்றார் பெரியப்பா.

அண்ணி அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. கண்ணாடி மூடியைத் தடவினாள். "இவர் தாங்குவாரு. அவ தாங்க மாட்டா. எடுத்துட்டுப் போ."

ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு போய், தெருமுனைப் பெட்டியைத் திறந்து ஒயரைச் செருகினான். சிவப்பு விளக்கு பச்சையானது. சற்று நேரத்தில் வீட்டுப் பக்கமிருந்து அழுகை ஓங்கிக் கேட்டது. மகள் பார்த்துவிட்டாள். அவனுக்கும் ஓடிப்போய் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. திறந்த பெட்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு எங்கே போவது? அண்ணனைத் தூக்கியபோது அவன் தோள் அங்கே இல்லை.

அண்ணனை ஏற்றிய வண்டி தெருமுனையில் நின்றது. அண்ணி ஜன்னல் வழியே கைபேசியை அவன் பக்கம் திருப்பினாள்.

"சித்தப்பா, அப்பாவைப் பாத்துட்டேன். போதும். ஜெனரேட்டரை அணைச்சுட்டு நீங்களும் ஏறிக்குங்க."

தலையாட்டினான். ஏறவில்லை. வண்டி நகர்ந்ததும் குனிந்து, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறதென்று பார்த்தான். மகளும் கைபேசியில் அவர்களோடு இடுகாடு போய்ச் சேரும்வரை போதும்.